பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டும் பென்டகன்!



2017-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்து நாட்டின் பொது ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களும் நர்ஸுகளும் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். நோயாளியின் சீட்டு வரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. எக்ஸ்ரே படம் வரவில்லை. வந்தது ஒரு மிரட்டல் அறிவிப்பு. தஸ்தாவேஜுகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, 300 டாலர் கட்டினால்தான் திறப்போம் என்றது அது.

ஆம்புலன்ஸ் வண்டிகள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆபரேஷன்கள் தள்ளிவைக்கப்பட்டன. மாதக் கணக்கில் காத்திருந்து டாக்டரைப் பார்க்க வந்த ஏழை எளியவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். இப்படி ரத்தான சிகிச்சைகள் 19,000-க்கும் மேல் இருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையே பின்னர் வெளியிட்டது.

அந்த வைரஸின் பெயர் வான்னாகிரை. அது இங்கிலாந்தோடு நிற்கவில்லை. சில நாட்களுக்குள் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைக் கவ்விப் பிடித்தது. பிரான்ஸ் நாட்டு ரெனோ மோட்டார் கம்பெனி பல ஆலைகளில் உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் சென்னைக்குப் பக்கத்திலே, ஒரகடத்தில் அன்று இயங்கிய ரெனோ-நிஸான் ஆலையும் தப்பவில்லை.

இந்தக் கொள்ளையை நடத்தியவன் யார்? வட கொரியா என்று அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் அறிவித்தது. வட கொரியா மறுத்தது. ஆனால் இன்னொரு கேள்வி உண்டு. வீட்டுக்குள் புகுந்தவன் கையில் இருந்த கன்னக்கோலைச் செய்து கொடுத்த கொல்லன் யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். அந்தக் கொல்லன் அமெரிக்க ராணுவ இலாகாவாகிய பென்டகன். அதன் கீழே இயங்கும் நேஷனல் செக்யூரிட்டி ஏஜென்சி என்ற ஒற்றர் ஸ்தாபனம்.

நண்டு வளையைக் கண்டவன் என்ன செய்வான்?

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினியர் பட்டம் வேண்டியதில்லை. ஏரிக்கரையில் நண்டு வளை ஒன்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டவன் என்ன செய்வான்? ஊரைக் கூட்டுவான். மண்ணைக் கொட்டி அடைப்பான். கண்டதை யாரிடமும் சொல்லாமல், பக்கத்து ஊர்க்காரனோடு தகராறு வந்தால் அவன் வயலை மூழ்கடிக்க உதவும் என்று வளை மேல் வைக்கோலைப் பரப்பி மறைத்து வைப்பவனை என்னவென்று சொல்வோம்? அவன் பக்கத்து ஊருக்கு மட்டுமா எதிரி? கரை உடைந்தால் அவனுடைய ஊரும் சேர்ந்துதானே மூழ்கும்?

பென்டகன் செய்தது இதுதான். உலகத்தில் பெரும்பாலான ஆபீஸ்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஆலைகளிலும் ஓடுவது மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் என்ற புரோகிராம். அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை அந்த ஏஜென்சியின் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். சொன்னார்களா? இல்லை. அந்த ஓட்டை வழியாக நுழைய ஓர் ஆயுதம் செய்து, அதற்கு எட்டர்னல் புளூ என்று பெயர் சூட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷத்துக்கும் மேலாக அதை உபயோகித்து வந்தார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை எழுதியது. அது முதலாளிகளின் பத்திரிகைதான், நம் பத்திரிகை அல்ல!

பிறகு பெட்டி களவு போயிற்று. ஷேடோ புரோக்கர்ஸ் என்ற பெயரில் ஒரு மர்மக் கும்பல், 2017 ஏப்ரலில் அந்த ஆயுதத்தை உலகமே பார்க்கும்படி தெருவில் கொட்டியது. களவு போனது தெரிந்த பிறகுதான் ஏஜென்சி மைக்ரோசாப்டுக்குச் செய்தி சொன்னது. ஓட்டையை அடைக்கும் ஒட்டு மார்ச் மாதம் வந்தது. எல்லோரும் ஒட்டுப் போடுவதற்குள் மே மாதம் தீ பற்றிக்கொண்டது.

மைக்ரோசாப்டின் தலைவர்களில் ஒருவரே அப்போது பகிரங்கமாகப் புலம்பினார். ராணுவத்திடமிருந்து ஏவுகணைகள் திருடு போனதற்கு ஒப்பான விஷயம் இது என்றார். அவரும் யோக்கியர் அல்ல. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யை உலகம் பூராவும் விற்றுக் காசு பார்த்த கம்பெனி, 2014-ல் அதைக் கைகழுவியது. தனியாகப் பணம் கட்டியவனுக்கு மட்டும் ஒட்டு, கட்டாதவனுக்கு இல்லை என்றது. நெருப்புப் பிடித்த பிறகுதான் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. ஒருவன் லாபத்துக்காக ஓட்டையை விட்டு வைத்தான். மற்றவன் யுத்தத்துக்காக அதை மறைத்து வைத்தான். நடுவில் தவித்தவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஏழை!

பயிற்சி, குறி, தடம்

ராணுவங்கள் இன்று சைபர் ஆராய்ச்சி என்ற பெயரில் கோடி கோடியாகக் கொட்டுகின்றன. அந்த ஆராய்ச்சியை மூன்று பங்காகப் பிரிக்கலாம். தாக்குவதற்குப் பயிற்சி எடுப்பது ஒன்று. எதைத் தாக்குவது என்று குறி வைப்பது இரண்டு. தாக்கியவன் யார் என்று தடம் பார்ப்பது மூன்று. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பயிற்சி. 2007 மார்ச் மாதம் அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில் உள்ள தேசிய ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சோதனை நடந்தது. 27 டன் எடையுள்ள டீசல் ஜெனரேட்டர் ஒன்றை நிறுத்தினார்கள். குண்டு வைக்கவில்லை. சம்மட்டியால் அடிக்கவில்லை. கம்ப்யூட்டர் வழியாக உத்தரவு அனுப்பி, பிரேக்கரைத் தப்பான நேரத்தில் திறந்து திறந்து மூடினார்கள். லைனோடு இணை சேராத நேரத்தில் ஜெனரேட்டரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஆலையின் எலக்ட்ரீஷியன் தோழரைக் கேளுங்கள், சொல்லுவார். அந்த இரும்பு மலை குலுங்கியது. துண்டுகள் பறந்தன. புகை கக்கிச் செத்தது.

ஆபத்தை எடுத்துக்காட்டத்தான் செய்தோம் என்றார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் தாக்குவதற்குப் பழகும் களங்களும் கூடவே எழுந்தன. குண்டு சுட்டுப் பழக மைதானம் இருப்பதைப் போல, கம்ப்யூட்டர் யுத்தம் பழக நேஷனல் சைபர் ரேஞ்ச் என்ற களத்தைப் பென்டகனின் ஆராய்ச்சிப் பிரிவு உண்டாக்கியது. அதைக் கட்டிக் கொடுத்தது யார்? யுத்த விமானம் செய்து விற்கும் அதே லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனிதான். யுத்தம் வானத்தில் நடந்தாலும் கம்பியில் நடந்தாலும் காண்டிராக்ட் ஒருவனுக்கே!

யந்திரத்தின் திரையே பொய் சொன்னது

அடுத்தது குறி. 2012 அக்டோபரில் ஒபாமா ஒரு ரகசிய உத்தரவில் கையெழுத்திட்டார். அயல்நாடுகளில் சைபர் முறையில் தாக்கத்தக்க இலக்குகளுக்குப் பட்டியல் தயாரிக்கும்படி அது சொன்னது. ஏஜென்சியில் வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடென் என்ற இளைஞர் கொண்டுவந்த தஸ்தாவேஜுகளால், 2013 ஜூனில் அது கார்டியன் பத்திரிகையில் அம்பலமாயிற்று. அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய கைதான் அந்தப் பட்டியலுக்கும் கையெழுத்துப் போட்டது!

பட்டியலுக்கு முன்பே வேலை நடந்திருந்தது. ஈரானில் நடான்ஸ் என்ற இடத்தில் யுரேனியத்தைச் சுத்திகரிக்கும் சுழல் யந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நாசமாக்க ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் ஏவப்பட்டது. 2010 ஜூனில் அது கண்டுபிடிக்கப்பட்டது. சீமென்ஸ் கம்பெனியின் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் புகுந்து, யந்திரத்தின் வேகத்தை ஏற்றியும் இறக்கியும் உடைத்தது. அதே சமயம் கண்காணிப்புத் திரையில் எல்லாம் சரியாக ஓடுவதாகப் பொய்க் கணக்கு காட்டியது! ஏறத்தாழ ஆயிரம் யந்திரங்கள் கெட்டிருக்கும் என்று நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்தவை இவை என்று 2012-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இரண்டு சர்க்கார்களும் இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை.

தோழர்களே, ஆலையில் பாய்லர் பார்க்கிறவர் மானியைப் பார்த்துத்தானே வால்வைத் திருப்புகிறார்? அந்த மானியே பொய் சொன்னால் அவர் உயிர் என்ன ஆகும்? இந்த வித்தையைத்தான் வெற்றி, வெற்றி என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் கொண்டாடின. குறி ஈரான் மேல் என்றார்கள். ஆனால் ஈரானுக்கு அடுத்தபடியாக அந்த வைரஸ் அதிகம் பரவிய நாடுகளில் இந்தோனேசியாவும் நம் இந்தியாவும் இருந்தன. நாம் யாருக்கு என்ன பாவம் செய்தோம்?

அமெரிக்கா மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. 2015 டிசம்பர் 23-ந் தேதி கடும் பனிக்காலத்தில் உக்ரைனில் மின்சார நிலையங்களைக் கம்ப்யூட்டர் வழியாகத் தாக்கி, இரண்டேகால் லட்சம் வாடிக்கையாளர்களை இருட்டில் தள்ளினார்கள். 2017 ஜூன் 27-ந் தேதி அதே உக்ரைனில் வரிக் கணக்குப் புரோகிராம் ஒன்றில் நாட்பெட்யா என்ற நாசகார வைரஸை நுழைத்தார்கள். இரண்டுக்கும் ரஷ்ய ராணுவ ஒற்றர் பிரிவின் ஆட்கள் மீது குற்றச்சாட்டு இருக்கிறது. ரஷ்யா மறுக்கிறது. இதைச் சொல்ல நமக்கென்ன தயக்கம்? கிரெம்ளினிலிருந்து செங்கொடி இறங்கியது 1991-ல். இன்று அங்கே ஆள்வது எண்ணெய் முதலாளிகளின் சர்க்கார். ஆஸ்பத்திரியையும் மின்சாரத்தையும் தாக்குகிறவன் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் பாட்டாளிக்கு விரோதிதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாட்பெட்யாவின் வயிற்றுக்குள் இருந்ததும் பென்டகன் பட்டறையில் அடித்த அதே எட்டர்னல் புளூதான்! உக்ரைனுக்கு ஏவியது உலகத்தைச் சுற்றியது. மார்ஸ்க் கப்பல் கம்பெனி முடங்கியது. பம்பாய்ப் பக்கத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு பிரிவில் சரக்குகள் தேங்கின. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் சாக்லெட் ஆலை நின்றது. மொத்த சேதம் 1,000 கோடி டாலருக்கும் மேல் என்று வெள்ளை மாளிகையே கணக்குச் சொன்னது. எங்கோ இரண்டு ராணுவங்கள் மோதிக்கொண்டால் எங்கோ ஒரு சாக்லெட் ஆலைத் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதற்குப் பெயர்தான் துல்லியமான ஆயுதமாம்!

சிறுவர்கள் செய்ததற்கு ஈராக்கா பழி?

மூன்றாவது, தடம் பார்ப்பது. இதில்தான் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. குண்டு போட்ட விமானத்தைக் கண்ணால் பார்க்கலாம். கம்பி வழியாக வருகிறவனோ பல நாட்டுக் கம்ப்யூட்டர்களில் ஏறி இறங்கி, காலடித் தடத்தை அழித்துவிட்டு வருகிறான். பிறர் செருப்பைப் போட்டுக்கொண்டும் வருகிறான்.

1998 பிப்ரவரியில், ஈராக் மீது குண்டு போட அமெரிக்கா படை திரட்டிக்கொண்டிருந்த நேரம். பென்டகனின் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். தடம் வளைகுடா நாட்டு வழியாகப் போயிற்று. ஈராக்தான் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் அகப்பட்டவர்கள் யார்? கலிபோர்னியாவில் பள்ளிக்கூடம் படிக்கும் இரண்டு பையன்களும், அவர்களுக்கு வழி காட்டிய ஓர் இஸ்ரேலிய வாலிபனும்! விசாரணை ஒரு வாரம் தாமதித்திருந்தால், அந்தப் பொய்த் தடத்தை வைத்தே ஒரு யுத்தத்துக்கு நியாயம் கற்பித்திருக்க மாட்டார்களா? இல்லாத நாசகார ஆயுதத்தைக் காட்டி 2003-ல் ஈராக் மீது பாய்ந்தவர்கள் ஆயிற்றே!

2018 பிப்ரவரியில் தென் கொரியாவில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் ஆரம்பமான நாளிலேயே அதன் கம்ப்யூட்டர்களை ஒரு வைரஸ் தாக்கியது. ஆராய்ந்தவர்களுக்கு முதலில் வட கொரியாவின் அடையாளம் தென்பட்டது. பிறகு பார்த்தால், அந்த அடையாளமே வேண்டுமென்று செதுக்கி வைத்த போலி முத்திரை. 2020-ல் அமெரிக்கா, அது ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று வழக்குப் போட்டது.

தடம் பார்க்கும் வித்தை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திருடனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன் மேல் திருட்டுக் குற்றம் சொன்னால் சாட்சி எங்கே என்று கேட்கிறோமே! நாடுகளுக்கிடையே மட்டும், அத்தாட்சி ரகசியம், எங்கள் பேச்சை நம்புங்கள் என்று ராணுவம் சொன்னால் போதுமா? குற்றம் சாட்டுகிறவனும் தீர்ப்புச் சொல்கிறவனும் குண்டு போடுகிறவனும் ஒருவனே என்றால் அதற்கு நீதி என்று பெயரா?

நூறில் ஒன்பது!

அவர்களுடைய சமாதானத்தையும் கேட்டுவிடுவோம். கண்டுபிடிக்கும் ஓட்டைகளை எல்லாம் நாங்கள் ஒளித்து வைப்பதில்லை, பரிசீலனை செய்து நூறில் 91-ஐக் கம்பெனிகளுக்குச் சொல்லிவிடுகிறோம் என்று அந்த ஏஜென்சி 2015-ல் அறிக்கை விட்டது. ஆகா! நூறு நண்டு வளையில் தொண்ணூற்றொன்றை அடைத்துவிட்டாராம் கரைக்காவல்காரர். கரை உடைய எத்தனை வளை வேண்டும்? அந்த மிச்சத்திலிருந்துதானே எட்டர்னல் புளூ வந்தது? தொண்ணூற்றொன்றையும் எப்போது சொன்னார்கள் என்பதை அந்த அறிக்கை சொல்லவில்லை. தாங்கள் உபயோகித்துத் தீர்த்த பிறகு சொன்னால் அதுவும் அந்தக் கணக்கில் ஏறிவிடும்.

எதிரி செய்கிறான், நாங்கள் சும்மா இருப்பதா என்பது அடுத்த வாதம். தற்காப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஓட்டையை அடைத்தால் எதிரியின் ஆயுதமும் செத்துப்போகிறது, நம் வீடும் பத்திரமாகிறது. ஓட்டையை ஒளித்து வைத்தால் எதிரி வீட்டோடு நம் வீடும் திறந்து கிடக்கிறது. எது தற்காப்பு? குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனால் அடைத்துவிட்டால் ராணுவத்துக்குப் பயமுறுத்த ஒன்றும் இருக்காது, காண்டிராக்ட்காரனுக்கு விற்க ஒன்றும் இருக்காது. ஆகவே பிள்ளையையும் கிள்ளுகிறார்கள். அது அழுதால், பார், பார், ஆபத்து என்று தொட்டிலையும் ஆட்டி, அதற்கும் கூலி கேட்கிறார்கள்!

நமக்கென்ன என்று இருக்க முடியுமா?

இது வெள்ளைக்காரன் சமாசாரம், வயலில் நாற்று நடுகிறவளுக்கு இதனால் என்ன என்று நினைக்காதீர்கள். இன்று ரேஷன் கடையில் மெஷினில் கைரேகை விழுந்தால்தான் அரிசி. கிராமத்து வேலைத் திட்டக் கூலி பாங்கிக் கணக்கு வழியாகத்தான் வருகிறது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மின்சாரமும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் வந்துவிட்டது. பணக்காரன் வீட்டில் ஒரு மாதத்துக்கு அரிசி இருக்கும். அன்றாடங் காய்ச்சிக்கு அன்றைய மெஷின் ஓடினால்தான் அன்றைய உலை கொதிக்கும்.

2019-ல் கூடங்குளத்தில் என்ன நடந்தது? அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்ததாகச் செய்தி வந்தது. அக்டோபர் 29-ந் தேதி நிலையத்தார் அடியோடு மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர் ஒன்றில் புகுந்தது உண்மை, உலையை ஓட்டும் பகுதிக்குப் போகவில்லை என்றது. செப்டம்பர் 4-ந் தேதியே அவர்களுக்குத் தகவல் வந்துவிட்டது! உலை பத்திரமாக இருந்தது நல்ல விஷயம்தான். ஆனால் இரண்டு மாத காலம் சுற்றுவட்டார மீனவனிடமும் விவசாயியிடமும் ஏன் சொல்லவில்லை? வாஷிங்டனில் ஓட்டையை ஒளிக்கிற வியாதி இங்கேயும் தொற்றிக்கொண்டதா?

டெல்லி சர்க்கார் 2016-ல் சைபர் விஷயங்களில் அமெரிக்காவோடு உடன்பாடு செய்துகொண்டது. நம் ராணுவத்திலும் சைபர் ஏஜென்சி அமைந்துவிட்டது. இவை எதைப் பழகுகின்றன? ஓட்டையை அடைக்கவா, ஒளிக்கவா? பார்லிமெண்டில் பதில் சொல்ல வேண்டும்.

2015 ஜூலையில் ஐ.நா. சபையின் நிபுணர் குழுவில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா எல்லாம் உட்கார்ந்து, சமாதான காலத்தில் மக்களுக்கு இன்றியமையாத அமைப்புகளைச் சேதப்படுத்தக் கூடாது என்று ஒப்புக்கொண்டன. அதே வருஷம் டிசம்பரில்தான் உக்ரைனின் மின்சாரம் அறுந்தது. ஏன்? அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது, இஷ்டப்பட்டால் பின்பற்றலாம் என்று எழுதி வைத்தார்கள். புலிகள் கூடி, பசு மாமிசம் தின்பது நல்லதல்ல என்று தீர்மானம் போட்ட கதைதான்!

அந்த இருட்டில் விளக்கு எப்படி எரிந்தது தெரியுமா, தோழர்களே? கம்ப்யூட்டரை நம்பிப் பயனில்லை என்றானதும், மின்சாரத் தொழிலாளர்கள் வண்டி ஏறி ஒவ்வொரு சப்-ஸ்டேஷனாகப் போனார்கள். கையால் பிரேக்கரைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் ஊருக்கு வெளிச்சம் வந்தது. எந்த ஜெனரலும் வரவில்லை. தொழிலாளியின் கைதான் வந்தது! மெஷின் வந்துவிட்டது, ஆள் எதற்கு என்று ஆட்குறைப்புக்கு நோட்டீஸ் ஒட்டுகிற முதலாளிகள் இதைப் படிக்கட்டும்.

ஆகவே ஆலை வாசல் கூட்டங்களிலும் கிராமக் கூட்டங்களிலும் நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை:

பொதுப் பணத்தில் கண்டுபிடித்த எந்த ஓட்டையையும் உடனே சொல்லி அடைக்க வேண்டும். ஆயுதமாகப் பதுக்கக் கூடாது!

ஆஸ்பத்திரி, மின்சாரம், குடிநீர், துறைமுகம் ஆகியவற்றை எந்த ராணுவமும் தொடாதபடி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் வேண்டும்!

ஒரு நாட்டின் மேல் குற்றம் சாட்டினால் அத்தாட்சியை ராணுவங்களுக்குக் கட்டுப்படாத சர்வதேசக் குழு முன் பகிரங்கமாக வைக்க வேண்டும்!

வைரஸால் ஆலை நின்றால் அன்றைய முழுக் கூலியும் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும்! கையால் இயக்கத் தெரிந்த ஆட்களை ஆலையிலும் மின் நிலையத்திலும் குறைக்கக் கூடாது!

அணுகுண்டை எதிர்த்து அன்று கோடிக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டியது நம் சமாதான இயக்கம். வானத்திலிருந்து விழும் குண்டை எதிர்த்த நாம் கம்பிக்குள் ஊர்ந்து வரும் குண்டைக் கண்டு வாய் மூடி இருக்கலாமா?

நண்டு வளையை மூடி மறைப்பவனைக் கரைக்காவலிலிருந்து விரட்டுவோம்! உழைக்கும் கைகளே கரையைக் காக்கட்டும்!